சரியான விடைக்கு நான் வைத்த வெடி

ராசா,

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். வாயால் சொல்லத்தான் மூன்று தடவை உன்னிடம் வந்தேன். முதல் தடவை நீ போனில் இருந்தாய். இரண்டாவது தடவை உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை யாரும் இல்லை, நீயும் சும்மாதான் இருந்தாய். "சாத்தூர் சேவு கட்டித் தரவா, மிக்சர் கட்டித் தரவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உன் அம்மாவுக்குப் பேச வராது என்று சிவகாசியில் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுவதற்குள்ளேயே மூச்சு சீராக வருகிறது. இதை மூன்று வருடம் முன்பே செய்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ அப்பாவிடம் சொன்னது அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. வியாழக்கிழமை நீ விமானம் ஏறிச் சேரப்போகிற கோலாலம்பூர் கம்பெனி உனக்குப் பெரிய பொறுப்பு தருகிறது. ஐந்து நாட்டுப் பிள்ளைகள் இன்டர்நெட்டில் படிக்கப்போகிற பாடங்களை எப்படி அமைப்பது, எந்தப் படம், எந்தச் சத்தம், எந்த வரிசை என்று தீர்மானிக்கிற வேலை. நீயோ, "பொறுப்பு வேணாம், புரோகிராம் மட்டும் எழுதுறேன்னு மெயில் எழுதி வச்சிருக்கேன்ப்பா. கெளம்புறதுக்குள்ள அனுப்பிரணும்" என்றாய். அப்பா ஏனென்று கேட்டார். "வெம்பக்கோட்டைப் பள்ளிக்கூடத்துல நான் என்ன தப்பு விட்டேன்னு இன்னைக்கி வரைக்கும் தெரியலப்பா. என்னன்னே தெரியாத தப்பைத் திரும்பச் செய்ய மாட்டேன்னு நான் எப்படிச் சொல்ல?" என்றாய். ரசக் கரண்டியை வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். அந்தத் தப்பை விட்டது நீ இல்லை, ராசா. நான். அது எனக்கு மூன்று வருடமாகத் தெரியும்.

முதலில் இருந்து சொல்கிறேன். பாதிக் கதை உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் தாண்டிப் போகாமல் படி, உன் அவசரம் எனக்குத் தெரியும். ஊரில் மூலைக்கு மூலை நெட் சென்டர் திறந்துகொண்டிருந்த நேரம். கம்ப்யூட்டர் பாடங்கள் செய்யும் மதுரைக் கம்பெனி ஒன்றின் மேனேஜர் நம் காலண்டர் பிரஸ் ஆபீஸுக்கு வந்தார். பின்னக் கணக்கை இன்டர்நெட் வழியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஒரே பாடத்தை மூன்று இடத்துப் பிள்ளைகள் படிப்பார்கள், கென்யாவில் ஒரு பள்ளி, பின்லாந்தில் ஒரு பள்ளி, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி என்றார். "காலண்டர் போடுறவங்களுக்குத்தான் ஊருக்கு ஊர் எது எடுபடும்னு தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்தோம்" என்று ஒரு வார்த்தை சொன்னார் பார், எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை. கேரளாவுக்குப் போகிற காலண்டரில் ஒரு சாமி, குஜராத்துக்குப் போகிறதில் வேறு சாமி, மளிகைக் கடைக்கு ஒரு படம், நகைக் கடைக்கு ஒரு படம் என்று ஆர்டர் கொடுக்கிறவரின் ருசியைப் பார்த்தே பிழைத்த குடும்பம் நம்முடையது. படமும் திரையும் என் பொறுப்பு, புரோகிராம் உன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். நீ கல்லூரி முடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அந்தப் பாடத்தைச் செய்த நாலு மாதமும் நாம் எப்படி வேலை பார்த்தோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. முழுசை எட்டாகப் பிரித்து மூன்று பங்கை எடு என்று காட்ட ஒரு படம் வேண்டும். நான் மாம்பழம் வரைந்தேன். நீதான், "அம்மா, அங்க உள்ள டீச்சர்மாரை ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றாய். கேட்டோம். கென்யா ஆசிரியை சப்பாத்தி வரையச் சொன்னார். கென்யாவில் சப்பாத்தி சுடுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பின்லாந்து ஆசிரியர் நடுவில் ஓட்டை வைத்த வட்ட ரொட்டி ஒன்றின் போட்டோவை அனுப்பினார். நான் எவ்வளவு கவனமாக வரைந்தும் அது உளுந்த வடையாகவே வந்து நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு, ரொட்டி நன்றாக இருக்கிறது, இவ்வளவு எண்ணெய் மினுமினுப்பு வேண்டாம் என்று எழுதியதும் நீ நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தாய். நம் பிள்ளைகளுக்குப் பரோட்டா போட்டோம். எட்டாகப் பிய்த்த பரோட்டாவைப் பார்த்தால் விருதுநகர் மாவட்டத்தில் எந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று நான் பெருமை பேசினேன்.

படத்தோடு நிற்கவில்லை நீ. கென்யாவில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள் உட்காருவார்கள், ஒருத்தர் பேரை மட்டும் கேட்டால் மற்ற இருவருக்கும் முகம் வாடிவிடும் என்று அந்த ஆசிரியை எழுதியபோது, மூன்று பேரையும் எழுத இடம் வைத்துக் கொடுத்தாய். யார் முதல், யார் கடைசி என்று காட்டுகிற பட்டியலைப் பின்லாந்துக்காரர் எடுத்துவிடச் சொன்னார். ரேங்க் போடாமல் ஒரு பள்ளிக்கூடமா என்று நான் குதித்தேன். "அவுக பிள்ளைய அவுகளுக்குத் தெரியாதாம்மா?" என்று சொல்லிவிட்டு நீ எடுத்துவிட்டாய். இதையெல்லாம் ஏன் வரிசையாக எழுதுகிறேன் என்றால், கேட்டுவிட்டுச் செய்கிற புத்தி அந்த அறையில் உன்னிடம்தான் இருந்தது. நான் உன் பின்னால் வந்தேன். மதுரைக்காரர் பாராட்டியபோது நான் முன்னால் போய் நின்றேன்.

இனி அந்த வெடிக்கு வருவோம். ஐந்து கேள்விக்கு ஒரு கட்டம், ஐந்தும் சரியாகப் போட்டால் பிள்ளைக்கு ஒரு பரிசு திரையில் வர வேண்டும். கென்யாப் பள்ளியில் பிள்ளைகள் கைதட்டியதைப் பதிவு செய்து அனுப்பினார்கள், அதையே வைத்தோம். பின்லாந்துக்கு ஒரு சின்ன மணிச் சத்தம் போதும் என்றார்கள். நம் பள்ளிக்கு என்ன வைப்பது என்று வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. வெடி என்றேன். ராக்கெட் மேலே போய்த் திரை முழுக்க வெள்ளையாகப் பூத்து டமார் என்று வெடிக்க வேண்டும். நீ கொஞ்சம் தயங்கினாய். "வெம்பக்கோட்டையிலயும் கேட்டுருவமாம்மா?" என்றாய். நான் சொன்ன பதில் ஒரு சொல் மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. "ஏலே, நம்ம ஊருப் பிள்ளையளுக்கு என்ன புடிக்கும்னு யாரக் கேட்கணும்? பட்டாசு ஊர்ல பொறந்துட்டு எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் நினைத்தேன். உன் மாமாவின் பட்டாசுக் கம்பெனிக்கு நானே போய், சோதனைக்கு வெடித்துப் பார்க்கும் பொட்டலில் நின்று, ஓலை வெடி வேண்டாம், லட்சுமி வெடி வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அணுகுண்டு வெடியின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து வெடிச் சத்தம் கேட்டால் பெரியவர்கள் முகம் மலரும். சத்தம் சுத்தமாக இருந்தால் சரக்கு நன்றாக வந்திருக்கிறது, வடக்கே இருந்து ஆர்டர் வரும், சீசன் நன்றாக இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் என்றால் தீபாவளிச் சட்டை, இனிப்பு, அப்பாவின் சிரிப்பு. அதையே பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பள்ளியில் கம்ப்யூட்டர் அறையை அமைத்த அன்று ஸ்பீக்கரை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு, ஆர்ட் பேப்பரில் நம் பிரஸ்ஸிலேயே நாலு கலரில் அச்சடித்த ஒரு அறிவிப்பையும் சுவரில் ஒட்டினேன். "ஸ்பீக்கர், ஒயர், சுவிட்ச் எதையும் தொடக் கூடாது." லேமினேஷன் வேறு.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியும், அதில் உன் பக்கம் மட்டும் தெரியும். இரண்டு மாதம் கழித்து மேனேஜர் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். கென்யாவும் பின்லாந்தும் பாடத்தைப் பாதிக்கு மேல் முடித்துவிட்டன. வெம்பக்கோட்டையில் முதல் நாள் ஒரே ஒரு பிள்ளை முதல் கட்டத்தைத் தாண்டியதோடு சரி, அதற்குப் பிறகு யாரும் ஒரு கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. நாலு கேள்வி சரியாகப் போடுகிறார்கள், ஐந்தாவது தப்பு. மறுபடி நாலு சரி, ஐந்தாவது தப்பு. ஒரு பிள்ளை இரண்டு பிள்ளை என்றால் பரவாயில்லை, அத்தனை பேரும் அப்படியே. "இந்தப் பிள்ளைங்களுக்கு அடிப்படையே இல்லைன்னு எழுதிட்டு, கம்ப்யூட்டரை வேற மாவட்டத்துக்கு மாத்திடலாம்னு மேலே சொல்றாங்க" என்றார். என் படம் தோற்றுப்போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் பக்கம் திரும்பி, அவர் இருக்கிறார் என்றும் பார்க்காமல், "என்னலே எழுதி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

நீ இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் சரியாக எழுந்து வராமல் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாய். மூன்றாம் நாள் காலையில் வந்து, "தப்பு எதுவும் இல்லம்மா, அவுக போட்ட விடையத்தான் அது பதிஞ்சிருக்கு" என்றாய். "ஒரு பள்ளிக்கூடமே சொல்லி வச்ச மாதிரி அஞ்சாவது கணக்கத் தப்பாப் போடுமாலே? செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டா கொறஞ்சா போயிருவ?" என்றேன். மறுநாள் பெங்களூரில் இருக்கும் சிநேகிதனிடம் போகிறேன் என்று ஒரு பையோடு பஸ் ஏறினாய். ரோஷக்காரன், ரெண்டு நாளில் வந்துவிடுவான் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அந்த ரோஷம் யாரிடமிருந்து வந்தது என்று அவர் கேட்டார்.

நீ போன அன்றைக்கே நான் வெம்பக்கோட்டைக்குப் போனேன். உன் தப்பைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய வாத்தியார், "வாங்கம்மா, உட்காருங்கம்மா" என்று டீ சொல்லப் போனார். நான் உட்காராமல் கம்ப்யூட்டர் அறைக்குள் போய், முத்துமாரி என்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கை துருதுருவென்று இருந்தது. முதல் கேள்வி வந்ததும் ஒரு கணம் பார்த்தது, சரியாகப் போட்டது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எல்லாம் நான் படித்து முடிப்பதற்குள் போட்டுவிட்டது. ஐந்தாவது கேள்வி வந்தது. அம்பு சரியான விடைக்கு மேல் போய் நின்றது. பிள்ளை பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, அம்பை நகர்த்திப் பக்கத்தில் இருந்த தப்பான விடையில் அமுக்கியது.

"ஏத்தா, அது ஒனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும் டீச்சர். எட்டுல அஞ்சு."

"பெறகு ஏன் மாத்திப் போட்ட?"

நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தது. "சரியாப் போட்டா வெடிக்கும்ல டீச்சர்" என்றது.

வெடித்தால் என்ன என்று கேட்டேன் ராசா. அவ்வளவுக்கு மண்டு உன் அம்மா. முத்துமாரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கம்மா பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போயிருக்காக. இவ அம்மாவும் போயிருக்காக. எல்லார் வீட்லயும் போயிருக்காக" என்றது.

டீயோடு வந்த பெரிய வாத்தியார் வாசலிலேயே நின்றுவிட்டார். முதல் நாள் நடந்ததை அவர்தான் சொன்னார். ஐந்தையும் முதலில் சரியாகப் போட்டது இதே முத்துமாரிதான். நான் பதிவு செய்த சத்தம் திறந்த ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது. அடுத்த வகுப்பு டீச்சர் சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறார். பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றுச் சுவர் மேல் ஏறி எந்தத் திக்கில் புகை வருகிறது என்று தேடியிருக்கிறார்கள். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், "எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி?" என்று கேட்டுக்கொண்டே ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் இருந்து வந்த சத்தம் என்று எல்லோருக்கும் விளங்கவே அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி வேன் வந்து அவரவர் அம்மா இறங்குகிற வரைக்கும் ஒரு பிள்ளையும் வீட்டுக்குள் போகவில்லையாம். மறுநாளே பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். ஐந்தாவதை யாரும் சரியாகப் போடக் கூடாது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்?" என்றேன். அவர் டீயைக் கீழே வைத்தார். "மொதலாளி வீட்டம்மா நீங்க, ஆசையா வச்சிருக்கீக. எப்படிம்மா சொல்ல? சத்தத்தக் கொறைக்கலாம்னாலும் நீங்க அங்கன எழுதி ஒட்டியிருக்கீகளே" என்று சுவரைக் காட்டினார். என் நாலு கலர் அறிவிப்பு அங்கே பளபளவென்று இருந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. கென்யாவுக்கும் பின்லாந்துக்கும் மெயில் போட்டுக் கேட்கத் தெரிந்தவளுக்கு, பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற ஊரைக் கேட்கத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளும் நானும் ஒரே சத்தத்துக்குப் பக்கத்தில்தான் வளர்ந்தோம். என் வீட்டில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் அதைக் கேட்டால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடுவார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், வெட்கத்துக்கு நடுவிலேயே எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியும்! சரியான விடை தெரியாதவன் ஒவ்வொரு தடவையும் கச்சிதமாகத் தப்பான விடையைப் போட முடியுமா? நானே எழுந்து போய் அந்த அறிவிப்பைக் கிழித்தேன், லேமினேஷன் லேசில் கிழியவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "இப்பப் போடுங்கத்தா" என்றேன். ஒரு வரிசை முழுக்க ஐந்தாவதைச் சரியாகப் போட்டது. "சரி, வெடி வேணாம். வேற என்ன வந்தா ஒங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்?" என்று அப்போதாவது கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். முத்துமாரி, "சாயங்காலம் வேன் வருமே டீச்சர், அது வரட்டும்" என்றது. சொன்னதும் மற்ற எல்லோரும் அதையே கேட்டார்கள். மூன்று நாளில் வேனை வரைந்தேன். ஐந்தும் சரியானால் திரையின் ஓரத்திலிருந்து கம்பெனி வேன் வரும், ஒரு ஹாரன் அடிக்கும், கதவு திறக்கும், அம்மாமார் தூக்குவாளியோடு இறங்குவார்கள். மதுரையில் ஒரு பையன் அதைப் பாடத்தில் சேர்த்துக் கொடுத்தான். அடுத்த மாதமே வெம்பக்கோட்டை மற்ற இரண்டு பள்ளிகளையும் எட்டிப் பிடித்துவிட்டது. கம்ப்யூட்டர்கள் அங்கேயே இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன.

இதுவரைக்கும் உன் அம்மா செய்தது அறியாமை. இனி எழுதப்போவதுதான் தப்பு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். நம்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன். வேன் படம் பாடத்தில் சேர்ந்த பிறகு மதுரைக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். நான் வைத்த வெடியால் பிள்ளைகள் பயந்தார்கள் என்று எழுதினால், ஊருக்கு ஊர் எது எடுபடும் என்று தெரிந்தவள் என்கிற பேர் என்ன ஆகும்? உன் மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? "புரோகிராமில் இருந்த கோளாறு சரிசெய்யப்பட்டது, பரிசுப் படமும் புதிதாக மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதி அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வேன் படத்துக்குப் பாராட்டு எனக்கு வந்தது. கோளாறு உன் தலையில் விழுந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். மூன்று வாரம் கழித்து நீயே போன் பண்ணி, "என்ன கோளாறும்மா கண்டுபிடிச்சாக?" என்று கேட்டாய். "என்னமோ சின்னதுதான், சரியாயிருச்சு, விடு. சாப்பிட்டியா?" என்றேன். நீ விடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நீ திறந்தே பார்க்கவில்லை என்பதும், எழுதுகிற ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை சரிபார்க்கிறாய் என்பதும், பெங்களூரில் இரண்டு தடவை பெரிய பொறுப்பு வந்தபோது வேண்டாம் என்றதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று நினைத்து, தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளினேன்.

அம்மா புத்தி சொல்லாமல் ஒரு கடிதம் எழுதினாள் என்று இருக்கக் கூடாது, அதனால் கொஞ்சம் கேட்டுக்கொள். அந்த ஐந்து நாட்டுப் பிள்ளைகளுக்கும் பழம், ரொட்டி, உடுப்பு, சாமி எல்லாம் நீ விசாரித்துப் போட்டுவிடுவாய், அதில் எனக்குப் பயமே இல்லை. எந்த ஊரைப் பற்றி உன் குழுவில் ஒருத்தர், "அது எனக்குத் தெரிந்த ஊர், கேட்க வேண்டாம்" என்கிறாரோ அங்கே முதலில் ஆள் அனுப்பு. ஒரே ஊருக்குள் ஒரே சத்தத்துக்கு இரண்டு வீட்டில் இரண்டு அர்த்தம் இருக்கும். பரிசு என்று நீ வைப்பது வாங்குகிறவருக்குப் பரிசுதானா என்று பார். உனக்கு மேலே இருக்கிறவர்கள் தப்பை உடனே சொல்லிவிடுவார்கள். கீழே இருக்கிறவர்கள், உன் மேல் மரியாதை வைத்திருக்கிறவர்கள், உன் கம்ப்யூட்டரை இலவசமாக வாங்கிக்கொண்டவர்கள் சொல்ல மாட்டார்கள், சிரித்துக்கொண்டே டீ கொடுப்பார்கள். அங்கே மெயிலை நம்பாதே. பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதன் கை எந்த இடத்தில் தயங்குகிறது என்று பார். ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தப்பாகப் போட்டால், அதற்குத் தெரியவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் அதையே கேள். அப்புறம், எதையும் தொடக் கூடாது என்று எங்கேயும் எழுதி ஒட்டாதே. சத்தம் வேண்டாம் என்கிற பிள்ளை அதை நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தானாவது வை.

இன்று காலையில் குளித்ததும் முதல் வேலையாக மதுரை மேனேஜருக்கு மெயில் போட்டேன். புரோகிராமில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை, வெடிச் சத்தத்தை வைத்தது நான், கேட்டுவிட்டு வைக்கலாம் என்று என் மகன் சொன்னதையும் மீறி வைத்தேன், மூன்று வருடமாகச் சொல்லாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன் என்று எழுதினேன். அனுப்புகிற பொத்தானை அமுக்கியதும் ஒரு பெரிய மூச்சு விட்டேன், உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னவென்று கேட்டார். மத்தியானம் பதில் வந்துவிட்டது. நல்லவேளை சொன்னீர்கள் அம்மா, எங்கள் கோப்பில் திருத்திவிடுகிறோம், உங்கள் மகனுக்கும் ஒரு நகல் அனுப்பவா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், அவனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டேன். உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "மொதல்ல அவன்ட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

சொல்லிவிட்டேன். பொறுப்பு வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறாயே, அதை அனுப்பாதே. உன் வேலையில் அன்றைக்கும் தப்பு இல்லை, அந்த ஐந்து நாட்டுப் பிள்ளைகளுக்கு உன்னைப் போலக் கேட்டுச் செய்கிறவன்தான் வேண்டும். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, இதையே அதுவாக எடுத்துக்கொள். கோபம் வரும். வரத்தான் செய்யும், மூன்று வருடக் கோபம். வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கிறது, போனதற்கப்புறம் போனில் திட்டினால் பாதியில் லைன் கட்டாகிவிடும். இதைப் படித்ததும் மாடியிலிருந்து இறங்கி வா, நேரில் நின்று எம்புட்டு வேண்டுமோ அம்புட்டும் திட்டு. இந்த ஒரு தடவை நான் பதிலுக்குப் பேச மாட்டேன்.

அம்மா